லாரி ஆபீஸில் அக்கா கேட்டது

உறவின் முறையாருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா இல்லாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. எழுதப் படித்த பிள்ளைகள் வீட்டில் பலர் இருந்தும், இந்த நினைவுக் கட்டுரையை நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் விருத்தாசலத்தில் இறங்கி என் லாரி ஆபீஸ் எங்கே என்று கேட்டால் டீக்கடைக்காரரே வழி காட்டுவார். யார் தயவிலும் நான் மேலே வரவில்லை என்று கல்யாண வீடுகளில் பேசியிருக்கிறேன். அக்காவைத் தவிர என்று இப்போது சேர்த்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது விருத்தாசலத்துக்கு மேற்கே, நம் ஜில்லா மங்களூர் பக்கம், கம்பு விளையும் ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு விருத்தாசலம் வந்து, பீங்கான் கம்பெனியில் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றி அடுக்கும் வேலையில் சேர்ந்தார்கள். அங்கே லோடு ஏற்ற வந்த டிரைவர்தான் மாமா. அவரே பெண் கேட்டு வந்து கட்டிக்கொண்டார். வீட்டில் தங்கும் நாட்களில் மீன் குழம்பு அவர் கையால்தான்.

அறுபதுகளின் நடுவில், பம்பாய் லைனில் போன மாமா திரும்பவில்லை. மலைப்பாதையில் வண்டி உருண்டு, அந்த ஊர்க்காரர்களே புதைத்துவிட்டார்களாம். லாரி கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து, அவருடைய பெட்டியையும் செருப்பையும் வாசலில் வைத்துவிட்டுப் போனான். எந்த ஊர் என்றுகூட அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெருப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. "மொகத்தப் பாக்காம எப்படிங்க அழுவுறது?" என்று கேட்டார்கள். கல் நெஞ்சுக்காரி என்று சிலர் பேசினார்கள்.

கிளீனராக இருந்த எனக்கு அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் கிடைத்தது. இந்தத் தொழிலில் முதல் கம்பெனி முக்கியம். அங்கே எடுக்கும் பெயர்தான் அடுத்த ஆபீஸ் வரைக்கும் கூட வரும். எனக்குப் பெரிய கம்பெனி, புது வண்டி, வடக்கு லைன் என்று ஆசை. அக்கா தடுக்கவில்லை. "நானும் வந்து பாக்கறேன்" என்றார்கள். தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நடக்கிறாளே என்று தெருவில் முணுமுணுத்தார்கள். அக்கா முன்னால்தான் நடந்தார்கள்.

பெரிய கம்பெனி முதலாளி என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புது வண்டியே தரேன். சம்பளம் என்னான்னு கேக்கலியா?"

"சம்பளத்த அவன் கேப்பாங்க" என்றார்கள் அக்கா. "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். வழியில இவனுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா, யாருங்க வூட்டுக்குக் கொண்டாருவாங்க?"

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "வேலக்கிச் சேர வந்த அன்னிக்கே இப்படி ஒரு பேச்சா? தம்பி, மொதல்ல உங்க அக்காவ வூட்டுல வுட்டுட்டு வா."

கணக்கப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். தெருவுக்கு வந்ததும் நான் கத்தினேன். "மானமே போச்சு. லைசென்ஸு எனக்கா, உனக்கா?"

"உனக்குத்தான்டா. வாசல்ல குந்திக் காத்துக்கிட்டு இருக்கப் போறது யாரு?"

ஜங்ஷன் பக்கத்திலிருந்த சின்ன ஆபீசுக்குப் போனோம். வெளியே நின்ற லாரிக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும். அங்கேயும் அக்கா அதையே கேட்டார்கள். அந்த முதலாளி கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார்.

"ஒண்ணும் ஆவாதுன்னு நான் சொல்ல முடியாதும்மா. ரோடு நம்ம கையில இல்ல. ஆனா எங்க இருந்தாலும் நானே போயி கூட்டியாருவேன்."

"இது போதுங்க" என்று அக்கா எழுந்துவிட்டார்கள்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன். முதல் லோடு எடுத்த காலையில், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நேரம், அக்கா சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். முதலாளி பழத்தை எடுத்துப்போய் அவர்கள் கையில் கொடுத்தார். "நீயே வைம்மா. உன் தம்பி ஓட்டப்போற வண்டி." அக்கா குனிந்து பழத்தை டயருக்கு அடியில் வைத்தார்கள்.

அந்தக் கிழட்டு வண்டியை நான் ஓட்டிய மாதிரி ஒருவன் ஓட்டியிருக்க மாட்டான். எழுபதுகளின் தொடக்கத்தில், மழையில், பீங்கான் ஜாடி லோடோடு நெல்லூர் தாண்டி அது கவிழ்ந்தது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காகப் பள்ளத்தில் இறக்கினேன். வேறு டிரைவராக இருந்தால் அந்த மாட்டுக்காரன் பிழைத்திருக்க மாட்டான். கால் முறிந்து, பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முதலாளி வேட்டியெல்லாம் சேறாக வந்து நின்றார்.

"ஒரு ஜாடி கூட மிஞ்சலியாமேடா?" என்றார். எனக்கு வாய் கோணியது. "சரி வுடு. மண்ணு இருக்குது, இன்னும் செஞ்சிக்கலாம். கெளம்பு, அந்தப் பொண்ணுகிட்டச் சொன்ன சொல்லு இருக்குது."

இன்னொரு லாரியில் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். வீட்டுக் கட்டிலை வாசலுக்குக் கொண்டுவந்து அதில் இறக்கினார்கள். அக்கா ஓடி வந்து என் நெற்றி, கண், மூக்கு, தாடை என்று தடவிப் பார்த்தார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து மாமா பெயரைச் சொல்லி அழுதார்கள். கட்டியவர் பெயரை அதுவரை வாயால் சொல்லாதவர்கள். அத்தனை வருஷம் அடைத்துக் கிடந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. முதலாளி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி, அந்த அழுகை அடங்கும்வரை வாசலிலேயே நின்றார்.

பிறகு நான் சொந்த லாரி வாங்கியதும், ஒன்று பலவானதும் நீங்கள் அறிந்ததே. புது டிரைவர் சேர வந்தால், வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டி வரச் சொல்வது அக்கா வைத்த வழக்கம். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள். என் பிள்ளைகளை வளர்த்ததும் அவர்கள்தான்.

கடைசி மாதங்களில் மூச்சு இழுத்தது. நடந்து வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டது. அக்கா கண்ணை மூடிய அன்று நான் வடக்கே வெகு தூரத்தில் இருந்தேன். நேரமாகிறது, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது, தம்பி வரட்டும் என்று எங்கள் டிரைவர்கள் வாசலை மறித்து நின்றார்களாம். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்களே, பசியோடு காத்திருந்த உறவினர்களே, நான் வந்து சேர்ந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து அழுதேன். உங்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.