மூன்று மணி ஒரு நிமிடத்துக்குக் கிளம்பியவர்

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, கல்யாணராமன் மாமா பெங்களூருக்குக் கிளம்பினார். எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பதுதான் மயிலாப்பூரில் எங்கள் சந்தின் தீராத விவகாரம்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பல நாடுகளில் பல ரயில்களைத் தவறவிட்டவள். ஆனால் நல்ல நேரம் பார்த்து ரயிலைத் தவறவிட்டவரை இங்கேதான் பார்த்தேன்.

மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராகு காலத்தில் பால் வாங்கக்கூட வாசற்படி தாண்டமாட்டார். திங்கட்கிழமைகளில் ஏழரைக்கே ராகு காலம் வந்துவிடும் என்பதால், ஏழு மணிக்குக் கிளம்பிப் போய், திறக்காத வங்கியின் முன்னால் இரண்டு மணி நேரம் நிற்பாராம்.

அன்றைக்கு அவரும் நீரஜா மாமியும் மகள் மதுவந்தி வீட்டுக்குப் போக வேண்டும். நாலரை மணிக்கு ரயில். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்பது மாமாவின் இன்னொரு சட்டம். அப்படியானால் இரண்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம்.

இதற்கு அவர்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம். நல்ல நேரத்தில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பெட்டியோடு தாங்களும் ஆழ்வார்பேட்டையில் நண்பர் ராமானுஜம் வீட்டுக்குப் போய்க் காத்திருப்பது என்று மாமா ஏற்பாடு செய்திருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மெஹபூப் அலியின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் மாமாவுக்கு கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்தது. இறங்கினார்.

“ஏன்னா, நான்தான் மூடினேனே” என்றாள் மாமி.

“நீ போ. திரும்பி உள்ள போனா உக்காந்து ஒரு வாய் தீர்த்தம் சாப்பிட்டுட்டுதான் கெளம்பணும். பெட்டியும் நீயும் போயிட்டா நான் பாதி கெளம்பின மாதிரி.”

கேஸ் மூடித்தான் இருந்தது. அதை மூன்று முறை உறுதி செய்து, தண்ணீர் குடித்து, ஜன்னல்களைச் சாத்தி, பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்த்து முடித்தபோது மணி ஒன்று முப்பத்தொன்று. மறுபடி கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து, மூன்று மணிக்கு மேல்தான் வருவேன் என்று மாமிக்குப் போனில் சொல்லிவிட்டார்.

இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. முதலில் புழுதிக் காற்று. மாடியில் என் துணிகள் கொடியோடு பறந்தன. பிறகு இடியும் மழையும். எங்கோ மரம் முறிகிற சத்தம். மின்சாரம் போனது. போனில் சிக்னலும் போனது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். மாமா சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றிருந்தார். மேஜைமேல் மாமியின் இன்ஹேலர். ஒரு துடைப்பத்துத் தூசிக்கே மாமிக்கு இழுக்கும். மாற்று இன்ஹேலர் அவளிடம் கிடையாது.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீ மாடிக்குப் போம்மா. ஜன்னலெல்லாம் அடிச்சுக்கறது பார்” என்றார்.

மேலே போய் ஜன்னலைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். காற்றில் மடங்கிய குடையோடு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சந்து முனையில் போய்க்கொண்டிருந்தார்.

மிச்சத்தை மெஹபூப் அலி சொன்னார். மாமியை இறக்கிவிட்டு அங்கேயே காத்திருந்தவர், மாமாவின் போன் வந்த பிறகு சாப்பிடப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொள்ள, ஆழ்வார்பேட்டை மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறார்.

“இன்னா சார், மூணு மணிக்கு மேலதான் வருவீங்கன்னு அம்மா சொல்லிச்சு. இன்னும் ரெண்டரைகூட ஆவல.”

“உன் வாட்ச் ஸ்லோ.”

“நான் வாட்சே கட்டல சார்.”

சாலையில் மரம் விழுந்து ஆட்டோ போக வழியில்லை. முழங்கால் தண்ணீரில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மாமா ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்தியபடியே வந்தாராம்.

ராமானுஜம் வீட்டில் மாமி கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் அறைக்கு வெளியே கேட்டது. ராமானுஜம் வெந்நீர் டம்ளரோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். மாமா இன்ஹேலரைக் குலுக்கி மாமியின் வாயில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. பத்து நிமிடம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மூச்சு சீரானதும் மாமி கேட்ட முதல் கேள்வி, “மணி என்ன?”

“மூணே கால்.”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. “அது ஓடல” என்றார் மாமா. விநாடி முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராமானுஜம் வெந்நீரைத் தானே குடித்துவிட்டார்.

தண்ணீர் வடிந்து ஸ்டேஷனுக்கு வழி கிடைப்பதற்குள் ரயில் போய்விட்டது. மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் போனார்கள்.

அன்றிலிருந்து அதிகாரபூர்வமான தகவல், மாமா மூன்று மணி ஒரு நிமிடத்துக்குக் கிளம்பினார் என்பது. “மூணு மணிக்கு நீங்க எங்காத்து சோபால துவட்டிண்டிருந்தேளே” என்று ராமானுஜம் கேட்டால், மாமா நாட்டு நடப்புக்குத் தாவிவிடுவார். மாமி எந்தப் பக்கமும் சாட்சி சொல்வதில்லை.

மழையில் நனைந்த மாமாவின் போன் அன்றே உயிரை விட்டது. பட்டன் போனுக்கு மாறிவிட்டார். ஆகஸ்டில் மதுவந்தி வந்தபோது, பழைய போட்டோக்கள் வேண்டுமென்று அதைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கி, என் வைஃபையில் இணைத்தாள். அடுத்த நிமிடம், சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த மாமியின் போனில் மாமா பெயரில் ஒரு செய்தி வந்து விழுந்தது. மாமி படித்தாள். அடுப்பை அணைத்தாள். இன்னொரு முறை படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினாள்.

“நீரஜா, இன்ஹேலர் இங்கயே இருக்கு. எடுத்துண்டு வந்துண்டிருக்கேன். மணி ரெண்டு எட்டு. பயப்படாதே, மெதுவா மூச்சு விடு. படிச்சதும் இதை அழிச்சுடு.”