வால் சக்கரமும் என் வலது காலும்

முன்னால் என்ன இருக்கிறதென்றே காட்டாத வண்டியை நீங்கள் ஓட்டியிருக்கிறீர்களா? சங்கரன்கோவிலுக்கு வெளியே நான் பழகுகிற குட்டி விமானம் அப்படித்தான். முன்னால் ரெண்டு சக்கரம், வாலடியில் பொடிசாக ஒன்று. மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும். சொல்லித்தருகிற சார் என்னைத் தனியாக ஏற விடுவாரா என்பதுதான் என் ஒரே கவலை.

பாம்பு நடை

மூக்கு மறைக்கிறதால் தரையில் நேராகப் போகக்கூடாது. இடப்பக்கம் வளைத்து வலப்பக்கம் எட்டிப் பார்க்கணும், பிறகு வலப்பக்கம் வளைத்து இடப்பக்கம். அன்றைக்கு நான் பெருமையாக நெளிந்து நெளிந்து போக, என் வீட்டுக்காரர் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார். பக்கத்தில் ஆடு மேய்த்த அண்ணாச்சி அவரிடம் கேட்டாராம்: "ஏவே, ஓட்டுதவன் காலையிலேயே ஊத்திக்கிட்டானா?"

டிராக்டர் பழக்கம்

அப்பாவின் டிராக்டரில் உழுதவள் நான். வரப்போரம் ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்தால் சட்டென்று திரும்பிவிடும். விமானத்திலும் காலுக்கொரு பிரேக். ஓடுபாதை முடிகிற இடத்தில், பழக்கதோஷம், இடது பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். வால் முந்திக்கொண்டு பம்பரமாய்ச் சுற்றியது. வந்த வழியைப் பார்த்து நின்றோம். நல்லவேளை, இறக்கை உரசவில்லை. பக்கத்து சீட்டிலிருந்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பருத்தி போடலம்மா. இன்னொரு தடவை இப்படி மிதிச்சா, தனியாப் போற பேச்சே கிடையாது."

பஸ்ஸில் பயிற்சி

கிளம்பும்போது இன்ஜின் வேகத்தைக் கூட்டினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். பிரேக்கைத் தொடாமல், வாலைத் திருப்புகிற மிதியை வலது காலால் அழுத்தி நேராக்கணும். அதே நினைப்பாகத் திருவேங்கடம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் உறுமவிட்டபோதெல்லாம் என் வலது கால் தானாக அழுத்தியது, பக்கத்து அக்கா பாதத்தின் மேல். மூன்றாவது மிதியில் சொன்னாள்: "ஏட்டி, பஸ்ஸை எடுக்கது டிரைவர் பாடு. என் காலை விடு."

வால் எழும்பிய காலை

காற்று அடங்கிய ஒரு காலையில் சார் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "நீயே போய்ட்டு வா" என்றார்.

மூக்கை ஏற்றி இறக்குகிற குச்சியை வயிற்றோடு இழுத்துப் பிடித்து, இன்ஜின் வேகத்தை மெல்லக் கூட்டினேன். மூக்கு இழுத்தது, வலது கால் விடவில்லை. வேகம் பிடித்ததும் குச்சியை லேசாக முன்னால் தளர்த்த, வால் எழும்பியது. அடேயப்பா, பாதை முழுசும் தெரிகிறது! அப்புறம் அதுவாகவே தரையை விட்டது. ஒரு வட்டமடித்து இறங்கும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

தரையில் நம்மை இந்தப் பாடு படுத்துகிற வண்டி, மேலே போனதும் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி இருந்துகொள்கிறது. நின்ற பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூக்கில் இன்னும் சுற்றுகிற விசிறிக்கு எட்டத்தில் நின்று சார் கைகூப்பினார்: "இன்ஜினை அணைச்சிட்டுச் சிரி தாயி, நான் பக்கத்துல வரணும்லா."