போனஸாக வந்த மெத்தை

மாடிப்படித் திருப்பத்தில் மெத்தை சிக்கிக்கொண்டது. மேலே அவள், கீழே கணவர். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் மடக்கும்மா."

"ஸ்பிரிங் மெத்தை. மடக்கினா போச்சு. பிளாஸ்டிக் கிழியாம நிமித்துங்க."

"பின்னாடி வரப்போற மாப்பிள்ளையக்கூட இவ்வளவு தாங்க மாட்டோம்."

அவள் மெத்தை ஆலையில் பதினெட்டு வருடமாக விளிம்பு தைக்கிறாள். அங்கே அவள் பெயரே விளிம்பக்கா. தையல் இயந்திரம் மெத்தையைச் சுற்றி நகரும். அதன் பின்னால் அவள் நடப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது மெத்தை. சரக்கின் மேல் யாரும் படுக்கக் கூடாது என்பது விதி. படுத்ததில்லை.

இந்த ஆண்டு விற்பனை மந்தம். போனஸைப் பணமாகத் தராமல் ஆளுக்கொரு மெத்தையாகக் கொடுத்தார்கள். சனிக்கிழமை மதியம் அதை வாங்கப் போனபோது சம்பளக் கணக்கர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

"மெத்தையும் வருமானந்தான், விளிம்பக்கா. அதோட விலையச் சம்பளத்துல கூட்டி, வரிய இந்த மாசமே பிடிச்சிருவோம்."

"காசே கைக்கு வரலியே தம்பி. வேணும்னா ஒரு மூலையப் பிச்சு எடுத்துக்கோங்க."

அவர் சிரித்தார். "வரி காசாத்தான் கட்டணும். கூடப் பிடிச்சிருந்தா வருஷக் கடைசியில திரும்பி வரும். வேணாம்னா திங்கக்கிழமை பிளாஸ்டிக் பிரிக்காம கொண்டாந்துருங்க. மெத்தையும் இல்ல, வரியும் இல்ல."

அந்த வரி கிட்டத்தட்ட மகளின் மூக்குக்கண்ணாடி விலை. கரும்பலகை எழுத்து அவளுக்குக் கலங்கித் தெரிகிறது. இந்தச் சம்பளத்தில் கண்ணாடி என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். திருப்பிவிடுவது என்று வழியிலேயே முடிவாயிற்று. கிடங்கு திங்கள்வரை பூட்டு. விருந்தாளியைப் போல ஒரு ஞாயிறு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு பிற்பகல். அறை முழுக்க மெத்தை. நிற்க இடமில்லாமல் மூவரும் அதன் மேலேயே படுத்தார்கள். பிளாஸ்டிக் தூறல் போலச் சலசலத்தது. ஜன்னல் வெயில் சுவரில் மெல்ல ஏறியது. கணவர் தூங்கிப்போனார்.

"அம்மா, மேல ஒரு குதிரை நிக்குது," என்றாள் மகள்.

"அது ஈரக்கறை."

"எனக்குக் குதிரை. கண்ணாடி போட்டா போயிருமா?"

"போயிரும்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப இன்னிக்கே நல்லாப் பாத்துக்கறேன்."

அம்மாவுக்குக் கண் செருகியது. முடிவில்லாத மெத்தை ஒன்றைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பிறகு நடப்பது நின்றது; மெத்தைதான் நகர்ந்தது, தண்ணீரில் போவதுபோல. அவள் படுத்தே இருந்தாள். கை மட்டும் விளிம்போடு போயிற்று. ஓரிடத்தில் நூல் தளர்ந்திருந்தது. ஜன்னல் திண்டில் கத்தரி இருந்தது. கை அதை எடுத்தது, வெட்டியது, முடிச்சுப் போட்டு மிச்சத்தை நறுக்கியது.

விழித்தபோது பிளாஸ்டிக் ஒரு சாண் திறந்து கிடந்தது.

"என்ன செஞ்ச?" கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நூல் பிரிஞ்சிருந்துது."

"திருப்புற மெத்தைக்கு என்னம்மா நூல்?"

மகள் கிழிசலுக்குள் கையை விட்டாள். முழங்கைவரை விட்டு, அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஏழரைக்கு அவள் ஆலைக்குப் போனாள். தாளில் கையெழுத்துப் போட்டாள். கணக்கர் வரியைக் குறித்துக்கொண்டார். முப்பத்தெட்டு மெத்தைகளுக்கு விளிம்பு தைத்தாள். கணவர் கண்ணாடிக் கடையில் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார். மகள் டீச்சரிடம் கேட்டு முதல் பெஞ்சுக்கு மாறினாள்.