கடல்பாலத்தின் கடைசித் தூண்

மலாயாவில், பந்திங்கிலிருந்து மேற்கே போனால், கடல் தெரிகிற இடத்தில் ஒரு கடல்பாலம் இருந்தது. மரத்தாலான பாலம். அதன் நுனியில், துரைமார்கள் ஆடிப் பாடுவதற்கென்று தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். நாங்கள் அதை ஆட்டக் கொட்டகை என்போம். சில வருஷம் கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார்களில் வந்து பேண்டு வாத்தியத்துக்கு ஆடினார்கள். பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்துத் துரைகளே ஊருக்குக் கப்பலேறினார்கள். ஆட ஆளில்லாமல் கொட்டகை பூட்டிக் கிடந்தது. தகரத்தை யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். பலகைகள் யார் யார் அடுப்பிலோ எரிந்தன. வேலை தேடி அலைந்த காலத்தில் ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். சேற்றில் தூண்கள் மட்டும் நின்றன. பாலத்தின் சரித்திரம் அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துக்கு அதில் கூடுதலாக ஒரு பங்கு உண்டு.

அதைக் கட்டும்போது எனக்கு ஆறு வயதிருக்கும். தங்கை என்னைவிடச் சிறியவள்; நடப்பாள், கொஞ்சம் பேசுவாள். அப்பா தூண் அடிக்கும் கூட்டத்தில் இருந்தார். கடல் வற்றினால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். மூன்று கம்பங்களை முக்காலியாக நட்டு, உச்சியில் கப்பி கட்டி, இரும்புக் குண்டைக் கயிற்றில் இழுத்து ஏற்றித் தூணின் தலையில் விடுவார்கள். அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அந்த மூச்சைக் கொடுப்பது பாட்டு. பாட்டெடுப்பவர் அப்பா. அவர் வாயை மூடினால் குண்டு ஏறாது. அதனால் கடல் வற்றிய நேரத்தில் வீட்டில் எது நடந்தாலும் அவர் கரைக்கு வர முடியாது.

மற்றத் தூண்களெல்லாம் நின்றன. கொட்டகையைத் தாங்க வேண்டிய கடைசித் தூண் மட்டும் நிற்கவில்லை. அடித்து நிறுத்திவிட்டு வருவார்கள். கடல் ஏறி இறங்கிய பின் போய்ப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் போயிருக்கும். தூண் காவு கேட்கிறது என்று பேச்சு கிளம்பியது. பாலம், அணை என்று எதைக் கட்டினாலும் அந்நாளில் கிளம்பும் பேச்சுதான். துரை ஆள் அனுப்பி ஒரு பிள்ளையின் தலையை வெட்டிக்கொண்டு போய் அடியில் புதைப்பான் என்றார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள். நாங்கள் பிள்ளைகள் 'பொத்தோங் கெப்பாலா', தலையை வெட்டு, என்று மலாயில் கத்திக்கொண்டு, ஒருவன் தலைவெட்டியாகி மற்றவர்களை விரட்டுகிற விளையாட்டு விளையாடினோம்.

கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் இதை நம்பாத ஒரே ஆள் அப்பா.

"தலைய வச்சு வெள்ளக்காரன் என்னடி செய்யப் போறான்? அதுவும் நம்ம வீட்டுத் தலைங்க. உள்ள ஒண்ணுமில்ல, மிதந்துடும்."

"உங்களுக்குச் சிரிப்பு. நாளைக்குப் புள்ளையக் காணோம்னா கடலுகிட்ட போயா கேப்பீங்க?"

"அடியில சேறு ஆழமா இருக்கு. நீளமான மரம் வந்தா நின்னுடப் போவுது. அவ்வளவுதான் சங்கதி."

அம்மா எங்கள் இரண்டு பேர் இடுப்பிலும் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள்.

தங்கைக்குக் காய்ச்சல் கண்டது அந்த வாரத்தில்தான். முதலில் விட்டு விட்டு வந்தது. பிறகு விடவே இல்லை. அம்மா கஷாயம் போட்டாள், திருநீறு பூசினாள். அப்பா ஆஸ்பத்திரி என்றார். "அங்க போனவங்க யாரு திரும்பி வந்தாங்க?" என்றாள் அம்மா. உண்மையில் சாகும் தறுவாயில்தான் யாரையும் அங்கே அனுப்பினார்கள், திரும்பாததில் அதிசயமில்லை. அதற்கு மேல் அப்பா வாதாடவில்லை. மறுநாள் இருட்டோடு வேலைக்குப் போய்விட்டார்.

வெயில் ஏறும் நேரத்தில், வெள்ளைத் துணியால் மூடிய ஒரு லோரி லயத்து வாசலில் வந்து நின்றது. காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி, காய்ச்சல்காரப் பிள்ளை எங்கே என்று மலாயில் கேட்டார்கள். பக்கத்து அறை அத்தை பின்கதவு வழியாக ஓடி வந்தாள்.

"அக்கா, வந்துட்டானுங்க. உன் மவளத்தான் கேக்குறானுங்க. காய்ச்சல்ல கெடக்குற புள்ளைன்னா யாரும் தேடமாட்டாங்கன்னு பாத்துருக்கானுங்க. தூக்கிட்டு ஓடுக்கா."

அம்மா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தபடி ஓடினாள். நீப்பாப் பனை அடர்ந்த ஓடைக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. தங்கை மேல் நனையாமலிருக்க அம்மா குனிந்தே நின்றாள். தங்கையின் கால்கள் தண்ணீரில்தான் இருந்தன. தூரத்தில் அப்பாவின் பாட்டு கேட்டது. ஒவ்வொரு அடி முடிவிலும் குண்டு விழும் சத்தம். லோரி போய்விட்டது என்று அத்தை வந்து சொல்லும்வரை நாங்கள் அசையவில்லை.

கடல் ஏறியதும் அப்பா வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வண்டி வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்போதிருந்த பெருமையை நான் பிறகு பார்த்ததில்லை. "நல்லவேளை, புள்ளைங்கள ஒளிச்சிட்டேன்."

அப்பா அவளையே பார்த்தார். ஆஸ்பத்திரி வண்டியை அனுப்பச் சொன்னது யாரென்று அவர் சொல்லவில்லை. தங்கையை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பந்திங் சாலையில் நடந்தார். மறுநாள் காலை திரும்பி வந்தார். தங்கையின் முகத்தையும் போர்வையால் மூடியிருந்தார்.

புதைத்த மறுநாள் அப்பா வேலைக்குப் போனார். பாட்டில்லாமல் குண்டு ஏறாது. கிள்ளானிலிருந்து படகில் நீளமான மரங்கள் வந்திருந்தன. கடைசித் தூணை மாற்றி அடித்தார்கள். அது நின்றது. அடுத்த முறை கடல் வற்றியபோதும் நின்றது. எதனால் நின்றது என்பதில் லயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

கொட்டகை திறப்பன்று துரைகள் மாலையில்தான் வருவார்கள். காலையில் கூலிக்காரர்கள் பூசை போட்டுக்கொள்ளக் கங்காணி அனுமதி வாங்கியிருந்தார். நுனிவரை எல்லோரும் போனோம். கற்பூரம் ஏற்றும் நேரத்தில் பெண்கள் ஒதுங்கி அம்மாவுக்கு வழிவிட்டார்கள்.

"நீ முன்னால போக்கா," என்றாள் பக்கத்து அறை அத்தை. "உனக்கில்லாத உரிமையா?"

"புள்ளையக் குடுத்தவ வைக்கட்டும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அம்மா கடைசித் தூணுக்குக் குங்குமம் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்து, பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தாள். கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொரிகடலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று சந்தோஷமாக இருந்தது.

அப்பா வந்து பக்கத்தில் நின்றார். அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கி வந்தது தலவெட்டி வண்டிதானே? ஒளிச்சும் விடல. இந்தத் தூணுதானே எடுத்துக்கிச்சு அவள?"

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆமா," என்றார். "இதுதான் எடுத்துக்கிச்சு. நீ என்ன செய்வ."

அம்மா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். நான் பொரியைத் தின்றுகொண்டு அப்பாவைப் பார்த்தேன். லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இவருக்கு மட்டும் புரிய இவ்வளவு நாளாகிவிட்டதே என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.