பின்னால் நடக்க வேண்டிய ராசாக்கள்

கலியாணமாகி வந்த முதல் கிழமையே எனக்கொரு சக்களத்தி இருப்பது தெரிந்துபோயிற்று. சக்களத்திக்குத் தாடி இருந்தது. பெயர் ஸாலிஹ்.

என் மனுசன் ஹியூபேட் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் மோட்டர் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டரைப் பிரித்து, கருகின கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. தண்ணீர்ப் பம்ப், கிரைண்டர், சலவை மெஷின் என்று எது எரிந்தாலும் எங்கள் வாசலுக்கு வரும். முன்னறை கடை, பின்னறை வீடு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் அதே வேலைக்கு இன்னொரு கடை. அதுதான் ஸாலிஹ் நானாவின் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

இவருடைய தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். மகனாவது நிழலில் நின்று வேலை செய்யட்டும் என்று துறைமுக வேர்க்ஷொப்பில் சேர்த்துவிட்டார். அதே காலத்தில் அங்கே வந்து சேர்ந்தவர்தான் ஸாலிஹ். இருவரும் ஒரே மேசையில் கம்பி சுற்றப் பழகினார்கள். ஒரு முறை சுப்பவைசர் ஸாலிஹ் சுற்றினதைத் தூக்கிக் காட்டி, இப்படிச் சுற்று என்று இவரிடம் சொன்னாராம். அந்தச் சுப்பவைசர் செத்துப்போய் எவ்வளவோ காலமாயிற்று. அவர் சொன்ன சொல் மட்டும் இன்னும் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது.

பிறகு இவர் சொந்தக் கடை போட்டார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் எதிரே ஸாலிஹும் போட்டார். வேறு தெருவே கிடைக்கவில்லையா என்று இவர் கேட்டதற்கு, "மாமாட கடை அய்யே, சும்மா கெடந்திச்சு" என்று, சிங்களத்தில் அண்ணன் போட்டு, பதில் வந்ததாம். இவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

காலையில் எழுந்து சிலுவை போடுவதற்கு முன்பே கதவிடுக்கால் எதிர்க்கடையைப் பார்ப்பார். "திறந்திட்டான்" என்பார். அதுதான் எங்கள் வீட்டுக் காலைச் செபம். நான் புதுச் சேலை உடுத்து முன்னால் வந்து நின்றால், "எதிர்ல பெரிய பம்ப் ஒண்டு இறங்கியிருக்கு, பாத்தியா?" என்று கேட்பார். பெண்ணாக இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். தாடிக்காரனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அழுதேன். மற்றப் பெண்களைப் புருஷன்மார் சமாதானப்படுத்துவதென்றால் பூ வாங்கிவருவார்கள், கோல்பேஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போவார்கள். என் மனுசன் என்னைக் கடைக்குள் கூட்டிப்போய் ஒரு மோட்டரைத் திறந்து காட்டினார்.

"இஞ்ச பார் றஞ்சி. இந்த வெளி வளையத்துக்குத்தான் கரண்ட் போகுது. கம்பிச் சுருளுக்குள்ள கரண்ட் ஓடினா அது காந்தமாகும். கரண்ட் மாறி மாறி வாறதால அந்தக் காந்தம் ஒரு இடத்தில நிக்காது. வளையத்தைச் சுத்தி ஓடிக்கொண்டே இருக்கும். இப்ப நடுவில இருக்கிற உருளையைப் பார். அதுக்கு ஒரு கம்பியும் குடுக்கயில்ல."

"அப்ப எப்படிச் சுத்தும்?"

"சுத்தி ஓடுற காந்தம் அதைத் தாண்டிப் போகேக்க, அதுக்குள்ளயும் தன்பாட்டில கரண்ட் பிறக்கும். அதுவும் காந்தமாகி, முன்னால ஓடுறதைத் துரத்தும்."

"பிடிச்சிடுமா?"

"பிடிக்காது. எப்பவும் கொஞ்சம் பின்னுக்குத்தான். பிடிச்சிட்டா உள்ளுக்குக் கரண்ட் பிறக்காது. கரண்ட் இல்லாட்டி இழுவையும் இல்ல."

மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாலும் எனக்கு விளங்கிவிட்டது. எதிர்க்கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் ஒரு கம்பியும் இல்லை. ஆனால் அங்கே ஏதாவது சுற்றினால் இங்கே இவர் சுற்றத் தொடங்கிவிடுவார். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மோட்டரை மூடிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவருக்கு நான் கேள்வி கேட்டது இனித்துவிட்டது போல, விடாமல் தொடர்ந்தார். வீட்டுக் கரண்டில் ஓடுகிற மோட்டருக்கு இன்னொரு சின்னச் சுருளும் இருக்கிறதாம். எந்தப் பக்கம் சுற்றுவது என்று வழி காட்டுவது அதுதானாம். அதன் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிக் கட்டினால் மோட்டர் அப்படியே மற்றப் பக்கம் சுற்றுமாம். "மோட்டருக்கு முன்னும் இல்ல, பின்னும் இல்ல. கட்டுறவன் எப்படிக் கட்டுறானோ அப்படி" என்றார். அந்த வார்த்தை பிற்காலத்தில் அவர் காலையே வாரிவிடும் என்று யார் கண்டது?

இந்தத் தெருவில் ஹியூபேட்டுக்கென்று ஒரே ஒரு பெருமை உண்டு. தெருமுனை அந்தோனியார் சுருவச் சிலைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் போடுகிற யேசு பாலன் குடில். மாட்டுக் கொட்டிலும் வைக்கோலும் எல்லாத் தெருவிலும் இருக்கும். எங்கள் குடிலில் பாலனைக் கும்பிட வந்த மூன்று ராசாக்களும் நடப்பார்கள். கடதாசி மலைக்குப் பின்னாலிருந்து ஒட்டகங்களோடு ஒவ்வொருவராக வந்து, பாலனுக்கு முன்னால் போய், மறுபடி மலைக்குப் பின்னால் மறைவார்கள். அடியில் ஒரு வட்டப் பலகை, பலகைக்குக் கீழே பட்டி, பட்டியை இழுக்க ஒரு பழைய சலவை மெஷின் மோட்டர். எல்லாம் இவர் வேலை. மட்டக்குளியிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். குடிலுக்குப் பக்கத்தில் இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். அந்த ஒரு கிழமைதான் இவர் வாயில் ஸாலிஹின் பெயர் வராது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. பள்ளிக்கூட லீவுக்கு ஸாலிஹ் நானா கடையைப் பூட்டிவிட்டுப் பெண்சாதியின் ஊரான பேருவளைக்குப் போய்விடுவார்.

கரண்ட் போய்ப் போய் வந்த அந்தக் கஷ்டமான வருடத்தில் ராசாக்களின் மோட்டரும் எரிந்தது. கெட்ட காலம் தனியாகவா வரும்? அப்போதுதான் இவருக்குக் கண்ணில் ஒப்பரேஷன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், தலைமயிர் போன்ற கம்பியோடு மல்லுக்கட்டக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குடில் வேலைகளைப் பார்க்கிற றொஹான், இவருக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாதென்று மோட்டரைத் தூக்கிக்கொண்டு போனது எங்கே? எதிர்க்கடைக்கு!

இவர் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கொடுத்த பிளேன்ரீ ஆறிப் போயிற்று.

"நான் இன்னும் சாகயில்ல றஞ்சி" என்றார்.

"கண் சுகமானதும் அடுத்த வருசம் நீங்க செய்யுங்க."

"அடுத்த வருசமா? அவன் கை பட்டா அது அவன்ட மோட்டர். ராசாக்களும் அவன்ட ராசாக்கள். இனி என்னை எவன் கேப்பான்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. இந்தத் தெரு அப்படித்தான். ஒரு தடவை ஒருவரிடம் போன வேலை திரும்பி வராது. ஸாலிஹ் நானாவும் அந்த முறை பேருவளைக்குப் போகாமல், பெண்சாதி பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு மோட்டரோடு உட்கார்ந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் என் மனுசன் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். என் கையை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

மோட்டர் தயாரானதும் றொஹான் அதைக் குடிலுக்கு அடியில் பூட்டினான். ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பாலனை வைக்கும் முன் ராசாக்கள் நடந்தால் அந்த வருடம் தெருவுக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். பலகையையும் ராசாக்களையும் கூடத் தொடவிட மாட்டார்கள். நத்தாருக்கு முதல் நாள் மாலை, பங்குச் சுவாமி வந்து பாலனை வைத்து ஆசீர்வதித்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள்.

அன்றைக்கு மத்தியானம், தெரு முழுக்கக் கேக்கும் கொக்கிஸ் பலகாரமும் என்று அடுப்படியில் இருந்த நேரத்தில் இவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். குடிலுக்குப் பின்னால் முழங்காலில் நின்றார். கண்ணுக்காகச் செபிக்கிறார் என்று நினைத்து என் நெஞ்சு இளகிவிட்டது. கிட்டப் போனால் கையில் ஸ்குரூ டிரைவர்.

"என்ன செய்யிறீங்க?"

"கத்தாத. வயரை மாத்திக் கட்டிட்டன். பின்னேரம் ராசாக்கள் குண்டி காட்டிக்கொண்டு பின்பக்கமா நடப்பாங்க. தெரு பாத்துச் சிரிக்கட்டும். ஸாலிஹ் செய்த வடிவு!"

"நத்தார் நாளில பாவம் இல்லையா?"

"பாவசங்கீர்த்தனம் எதுக்கு இருக்கு? சுவாமியிட்டச் சொல்லிட்டாப் போச்சு."

நான் றொஹானிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. எனக்கும் அந்தத் தாடி ஒரு நாளாவது தலைகுனிவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. இத்தனை காலம் என் புருஷனை எதிர்க்கடையில் வைத்திருந்தவர்தானே.

மாலையில் சுவாமி வந்தார். தெருவே கூடிவிட்டது. ஸாலிஹ் நானா தயங்கித் தயங்கி ஓரமாக நின்றவரை றொஹான் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து விட்டான். இவர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக எனக்குப் பக்கத்தில் நின்றார். சிரிப்பு வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். சுவாமி பாலனை வைத்தார். தண்ணீர் தெளித்தார். றொஹான் சுவிட்சைப் போட்டான்.

மலைக்குப் பின்னாலிருந்து முதல் ஒட்டகம் வந்தது. மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. அடுத்த ராசா வந்தார், அதற்கடுத்த ராசாவும் வந்தார். மூன்று பேரும் ஆடாமல் அசையாமல், முன்னம் ஒரு வருடமும் நடக்காத அழகோடு, பாலனைப் பார்த்தபடி நேராக நடந்துபோனார்கள். தெரு கைதட்டியது. சுவாமி ஸாலிஹ் நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருப்பீர்கள். இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராகிவிட்டது. என் மனுசன் திருடனைத் தேள் கொட்டினது போல வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"மாத்தினதுதானே?" என்று கேட்டேன்.

"மாத்தினன்."

"அப்ப ஏன் நேர நடந்தது?"

வேட்டை நாய்க்கு முயல் தப்பினது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பதிலை நத்தார் காலையில் ஸாலிஹ் நானாவே கொண்டுவந்தார். தொப்பியும் கஞ்சி போட்ட சேர்ட்டுமாக எங்கள் முன்னறையில் வந்து உட்கார்ந்தார். நான் கேக்கும் வைனும் வைத்துவிட்டு, நினைவு வந்து வைனை எடுத்துக்கொண்டு நெக்டோ சோடா வைத்தேன்.

"அய்யே, ஒங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றார். "என்ட மானத்தக் காப்பாத்திட்டீங்க."

இவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார். "நான் என்ன செய்தனான்?"

"நான் குடுக்கக்குள்ள அந்த மோட்டர் மத்தப் பக்கம்தான் சுத்திச்சு. ராசாமார் எந்தப் பக்கத்தால வாரன்னு எனக்கெங்க தெரியும்? நத்தாருக்கு நான் எப்பவும் பேருவளையில. கேக்கிறதுன்னா ஒங்ககிட்டத்தான் கேக்கணும். ஒங்ககிட்ட எப்படிக் கேக்கிற? கேட்டா அந்த மேசையில இருந்த நாள்ல மாதிரி ஒரு பார்வை பாப்பீங்க. வெக்கத்துல ஒரு பக்கமாக் கட்டிக் குடுத்திட்டேன். நேத்துப் பார்த்தா மாத்திச் சுத்துது! இந்தத் தெருவுல மோட்டர மாத்திச் சுத்த வைக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்தான். ஒண்டு நான்."

கேக்கைக் கடித்தார். தெருவில் பட்டாசு வெடித்தது. நான் இவரைப் பார்த்தேன். சும்மா தலையை ஆட்டிவிட்டு நன்றியை வாங்கிக்கொண்டால் போதும். குடிலும் திரும்பி வந்துவிடும், நல்ல பெயரும் சேர்ந்து வரும். வாங்கிக்கொள்ளுங்கள் மனுசா என்று மனதுக்குள் கத்தினேன்.

இவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்து தண்ணீர் வடிந்தது.

"நானா, நான் உங்களைக் காப்பாத்த மாத்தயில்ல. கெடுக்கத்தான் மாத்தினனான். ராசாக்கள் பின்னால நடக்கோணும், தெரு உங்களைப் பாத்துச் சிரிக்கோணும் எண்டுதான்."

ஸாலிஹ் நானாவின் வாயில் கேக் அப்படியே நின்றது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் கறுத்துப் பிறகு மெல்ல மாறியது.

"கொஞ்சம் பொறுங்க அய்யே. கெடுக்கணும்னா, நான் கட்டினது சரின்னுதானே நீங்க நெனச்சீக்கணும்?"

இவர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஓடவிட்டுப் பாக்கவும் இல்ல. ஸாலிஹ் கட்டினா சரியாத்தான் ஈக்கும்னு நம்பித்தானே மாத்தினீங்க?"

"நீங்க பிழையாக் கட்டுவீங்க எண்டு... எனக்கு அப்படியொரு நினைப்பே வரயில்ல, நானா. உங்கட கை பிழைக்காது. அந்த மேசையில இருந்த நாளில இருந்து எனக்குத் தெரியும்."

ஸாலிஹ் நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இவரும் சிரித்தார். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று பிரிக்க முடியாமல், இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கதவோரம் நின்றேன். கலியாணமான நாளிலிருந்து இந்த மனுசனுக்கு இடியப்பம் அவித்துக் கொட்டுகிறேன். உப்புச் சரியென்று ஒரு சொல் கேட்டதில்லை. ஒப்பரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்றைக்கு முதலில் என் முகத்தைப் பார்த்தபோதும் "கடை திறந்திருக்கிறானா?" என்றுதான் கேட்டார். உங்கட கை பிழைக்காது! அந்தச் சொல்லை இத்தனை வருடமும் இந்த வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்து, எதிர்க்கடைக்காரருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஸாலிஹ் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறும் பீங்கான் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"தங்கச்சி, கேக் நல்ல ருசி. இன்னொரு துண்டு ஈக்கா?"

"முடிஞ்சுபோச்சு நானா" என்றேன்.

உள்ளே முக்கால் தட்டுக் கேக் அப்படியே இருந்தது.