கசிவு கேட்கும் காது

இரும்புக் கம்பியின் ஒரு நுனியைத் தார்ச்சாலையில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. "கொஞ்சம் பொறுங்க சார், இங்க போயிட்டே இருக்கு" என்கிறார், கண்ணைத் திறக்காமல். போய்க்கொண்டிருப்பது தண்ணீர். மண்ணுக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று அந்தக் கம்பி அவருக்குச் சொல்லிவிடும். ஊரார் வைத்த பெயர் 'கசிவு'. நேரில் மட்டும் 'அண்ணே'.

ஐம்பது வயதுக் குழாய்க்காரர். பையில் எப்போதும் மஞ்சள் பெயின்ட் டப்பா இருக்கும். ஒழுகும் இடத்தில் வட்டம் போட்டுத் தேதி எழுதுவார். நகராட்சி வந்து சரிசெய்ய வேண்டும். எங்கள் வாசலில் அவர் வட்டம் போட்டபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறாள்.

இதற்கிடையில் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு ஒன்று கட்ட நகராட்சி திட்டம் போட்டது. மக்கள் கருத்தைக் கேட்க ஐந்து கூட்டம் நடத்தினார்கள். ஐந்திலும் இவர் ஒரே பேச்சைத்தான் பேசினார்.

"புதுசா குழாய் போட மேலேருந்து காசு வரும், சரி. இருபது வருஷம் கழிச்சு அது ஒடைஞ்சா யாரு குடுப்பா? நாமதான். இருக்குறதையே பாத்துக்க முடியல. ஓட்டைப் பானைய அடைக்காம இன்னொரு பானை எதுக்குங்க?"

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொள்வார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தேநீர் கிடைக்குமே என்று போகிற எனக்கே அலுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், புதுக் குழாய் போடும் ஒப்பந்தம் இவருடைய மைத்துனருக்குத்தான் கிடைக்க இருந்தது. வந்தால் இவருக்கு இரண்டு வருட வேலை. "தன் வயித்துல தானே அடிச்சுக்கிற ஆளைப் பாத்திருக்கீங்களா?" என்று அவர் மனைவி என்னிடமே கேட்டார்.

"அவ சொல்றது நியாயம்தான். எனக்கும் முடியலங்க" என்றார் அவர். "ஆனா காதுல கேக்குதே, என்ன பண்ணச் சொல்றீங்க?"

எனக்குப் பாவமாக இருந்தது.

ஆறாவது கூட்டத்தில் வாக்கெடுப்பு. வந்தவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தால் திட்டம் நிற்கும். முப்பத்தோரு பேர் வந்திருந்தோம். மைத்துனர் முன்வரிசையில் உட்கார்ந்து எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொல்றவங்க வலது கையைத் தூக்குங்க" என்றார் அதிகாரி.

குழாய்க்காரரின் வலது தோள் ஆறு மாதமாக மேலே ஏறுவதில்லை. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். எழுத்தர் எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் குழம்பி, மறுபடியும் முதல் வரிசைக்குப் போனார்.

"எறக்குங்க, அப்புறம் ராத்திரியெல்லாம் வலிக்குதும்பீங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"எண்ணி முடிக்கட்டும்."

மனைவி முன்வரிசையில் இருந்த தம்பியை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டு, தன் உள்ளங்கையால் கணவரின் முழங்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்.