ஆடிட் முடிந்த மறுவாரம்

பக்கத்து மெஷின் சாரதாதான் செய்தியைச் சொன்னாள். காலை ஷிப்டுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தோணி அண்ணே போய்ட்டாரு அக்கா, நெஞ்சு வலியாம்" என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனுஷன் போவதற்கு இதுவா நேரம்?

அண்ணன், சிலிம் ரிவர் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஈப்போவில் எங்கள் ரப்பர் குழாய்த் தொழிற்சாலையில் பாதுகாப்பு உள்தணிக்கை பார்த்தார். ஆடிட் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதன் தேதியை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள்.

ரப்பர் அரைக்கும் இரட்டை உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். உடம்பு அதில் மோதினால் உருளை நின்றுவிடும். குள்ளமான பெண்கள் நாங்கள் எட்டிக் குனிந்தாலே மோதும், வேலை நிற்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்துவார். அதனால் ரப்பர் நாடாவால் கம்பியை அசையாதபடி இழுத்துக் கட்டிவிடுவோம். ஆடிட் அன்று மட்டும் எல்லோரும் அவிழ்த்துவிடுவோம்.

ஒருமுறை குறையே இல்லை என்று ஆடிட் முடிந்தது. மேனேஜர் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் மட்டும் குடிக்கவில்லை. "இவ்ளோ சுத்தமா இருந்தா எனக்குப் பயமா இருக்கு லா, தங்கச்சி" என்றார். மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். எல்லா மெஷினிலும் நாடா. தான் செய்த ஆடிட்டால் பயனில்லை என்று தானே எழுதிக் கொடுத்தார். இப்படியும் ஒரு பைத்தியக்காரனா என்று மேனேஜர் சிரித்தாராம்.

எங்களை அவர் திட்டவில்லை. ஏன் கட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்கள் உயரத்தில் நின்று வேலை செய்து பாருங்கள், தெரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மனுஷன் முழங்காலை மடக்கி நிஜமாகவே நின்று பார்த்தார். பிறகு என் மெஷினுக்கு முன்னால் மரப்பலகையில் ஒரு மேடை வந்தது. குனியாமலே கை எட்டியது, நாடா தேவைப்படவில்லை. "ஆடிட் அன்னிக்கி என்னா இருந்துச்சுங்கிறது பெருசில்ல. யாரும் பாக்காத வாரம் இந்தக் கட்டு திரும்பி வருதா, அதான் கணக்கு" என்றார். என் மெஷினுக்கு அது திரும்பவில்லை. மற்ற மெஷின்களின் மேடையை, பிறகு பார்க்கலாம் என்று மேலிடத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்காக அவர் மாதாமாதம் போய்ச் சண்டை போட்டார்.

போன மழைக்காலத்தில் சூடான ரப்பர் என் கையுறையைப் பற்றி இழுத்தது. உடம்போடு முன்னால் சாய்ந்தேன். வயிற்றில் கம்பி இடித்தது, உருளை நின்றது. விரல் நுனிகளில் தோல் மட்டும்தான் போனது. அண்ணன் ஓடி வந்து என் கையைப் பார்த்தார். அவர் பார்வை அடுத்துப் போனது நாடா கட்டிய சாரதாவின் மெஷினுக்கு.

நேற்று அவரை அடக்கம் செய்தோம். இன்று பலகையில் அடுத்த ஆடிட்டின் தேதியை ஒட்டியிருக்கிறார்கள், கையெழுத்து வேறு யாருடையதோ. சாரதாவின் மெஷினில் நாடா இறுக்கமாகவே இருக்கிறது. ஆடிட் அன்று அவிழ்ப்பாள், மறுநாள் கட்டுவாள். இனி வந்து பார்க்க ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தோணி அண்ணன் எனக்கு விட்டுப்போனது இந்த வலது கை. இதை எழுதுவதும் அதுதான். நாளைக் காலை அதில் ஒரு கத்தி இருக்கும். மண்டோர் கத்தட்டும், அவளுக்கு மேடை வரும்வரை சாரதா என் மேடையில் நிற்கட்டும். அந்த நாடாவை நான் அறுக்கப்போகிறேன். மறுவாரமும் போய்ப் பார்ப்பேன்.